பரங்கிக் கூத்தின் கைதி

புதுச்சேரியில் அந்தக் கூத்து நடந்த கிடங்கு எது என்று இன்றைக்குக் கேட்டால் ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டுவார்கள், அதில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள், மீதிப் பேர் அந்தப் பொய்யை நம்பினவர்கள், அதனால் இடத்தை விட்டுவிடுங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் நீலத்துணி மூட்டைகளை அடுக்கி வைக்கிற நீளமான கிடங்கு ஒன்று இருந்தது, இங்கிலீஷ்காரன் கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்த அந்த ஆடி மாசத்தில் அதற்குள்ளே பலகை அடித்து மேடை போட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பாட்டுக் கூத்து நடத்தினார்கள், இது தெரிந்தால் போதும். ஊரே முற்றுகையில் கிடக்கும்போது கூத்து ஒரு கேடா என்று கேட்காதீர்கள். அவர்கள் சுபாவம் அது, அரிசி தீர்ந்துபோனாலும் பொய்முடிக்கு மாவு பூசாமல் வெளியே வரமாட்டார்கள்.

அதை அவர்கள் ஒப்பெரா என்றார்கள், நாங்கள் பரங்கிக் கூத்து என்றோம். கதை சின்னக் கதைதான். ஒரு நல்ல மனுஷனைக் கொடுங்கோலன் ஒருவன் கோபுரச் சிறையில் போட்டுவிடுகிறான், அவன் பெண்டாட்டி சிப்பாய் வேஷம் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் தேடி வந்து கோபுரத்தடியில் நின்று பாடுகிறாள், உள்ளே இருக்கிறவன் யாரது, யாரது என்று பாட்டிலேயே கேட்டுக் குரலை அடையாளம் கண்டு கதவைத் தட்டுகிறான், உடனே எக்காளம் முழங்குகிறது, நல்லவர்களின் படை வருகிறது, கோபுரம் திறக்கிறது, இரண்டு பேரும் கைகோத்துப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பிரான்சு தேசத்தில் இப்படிச் சிறையிலிருந்து ஆளை மீட்கிற கூத்துகளுக்குத்தான் கிராக்கியாம். நிஜமான சிறையையே உடைத்துப் போட்ட ஜனங்கள், சாயங்காலமானால் பாட்டோடு இன்னொரு தரம் உடைத்துப் பார்க்க ஆசைப்பட்டார்களாம்.

கைதி வேஷக்காரன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கோட்டை மதிலுக்குப் போய்விட்டதால் அந்த வேஷம் செரோமுக்கு வந்தது. செரோம் மாதா கோயிலில் பாடுகிறவன், அப்பன் பிரெஞ்சுப் பீரங்கிக்காரன், ஆத்தாள் இந்த ஊர்ப் பெண், குரல் யார் கொடுத்ததோ தெரியாது, இருபத்தெட்டு வயசு. அவன் பெண்டாட்டி மதலேனாதான் கூத்துக்காரர்களுக்கெல்லாம் உடுப்பு தைத்தவள். ஏழு மாச வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒத்திகை முழுக்க மேடையோரத்தில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்ததில் கூத்து மொத்தமும் அவளுக்கு மனப்பாடம். முரசடிக்கிற பரங்கியும் மதிலுக்குப் போய்விட்டான், அந்த இடத்துக்குத் தெருக்கூத்தில் மத்தளம் வாசிக்கிற தாண்டவராயனைக் கூட்டிவந்தார்கள். கோபுரத்தைத் திரைச்சீலையில் எழுதினவர் தேர்ச்சீலை எழுதுகிற ரங்கப்பர், கல்லுக்குக் கல் பாசி வைத்து எழுதியிருந்தார், உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல், கீழே ஒரு கதவு, கதவு இருக்கிற இடத்தில் ஆள் நுழைய ஒரு கிழிசல்.

இரண்டாம் அங்கத்தில் செரோம் அந்தக் கிழிசல் வழியாக உள்ளே போய், திரைக்குப் பின்னால் நின்று கைதியின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, நிஜமான பீரங்கிக் குண்டு ஒன்று பக்கத்துக் கிடங்கின் கூரையில் விழுந்தது. சனம் சிதறியது, சீமாட்டிகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கதாநாயகி சிப்பாய் உடுப்போடேயே ஓடிப் போனாள், பிடில்காரன் பிடிலைப் போட்டுவிட்டு வில்லை மட்டும் கொண்டு ஓடினான். ஓடாமல் நின்றவர் தாண்டவராயன் ஒருத்தர்தான். கூத்தை மங்களம் பாடாமல் பாதியில் விட்டால் கட்டின வேஷம் ஆளை விடாது, ஊருக்கும் ஆகாது, இது அவர்கள் பரம்பரையில் ரத்தத்தில் ஊறின பயம். ஆகவே தலைமேல் காரை உதிர உதிர, அந்த மகானுபாவர் நின்ற இடத்தில் நின்று மங்களத்தை முழுசாகப் பாடி, முத்தாய்ப்பு வைத்து, முரசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் வெளியே வந்தார். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் கைதி உள்ளே இருக்கும்போது மங்களம் பாடியதால் கூத்து அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

மதலேனா திரையின் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே செங்கல் சுவரும் துணி மூட்டைகளும்தான் இருந்தன. முன்பக்கம் வந்தால் கதவில் கிழிசல் இல்லை, வெறும் வர்ணம். அந்த நேரத்தில் எழுதின ஜன்னலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"மதலேனா, குண்டு நின்னுடுச்சா?"

அவள் பதறவில்லை, பதறினால் அவன் பதறுவான் என்று அவளுக்குத் தெரியும். "இன்னும் இல்லீங்க. கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க."

"வயித்துல இருக்கிறது நல்லா இருக்கா? இந்தச் சத்தத்துல பயந்திருக்கப் போவுது."

"நல்லா இருக்குதுங்க. உதைக்குது."

மறுநாள் ரங்கப்பர் வர்ணத்தோடு வந்து, பாவம் பசிக்குமே என்று ஜன்னல் விளிம்பில் ஒரு கஞ்சிக் கலயத்தை எழுதினார். உள்ளேயிருந்து கை நீண்டு கலயத்தைத் தடவிப் பார்த்தது. "இப்பத்தானே சாப்பிட்டுட்டு வந்தேன், யாருங்க அது கஞ்சி வச்சது" என்றான் செரோம். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, வெளியே விடிந்தாலும் இருட்டினாலும் அவனுக்கு உள்ளே அதே சாயங்காலம்தான். ரங்கப்பர் விடவில்லை, கதவைத் திறந்திருக்கிற மாதிரி மாற்றி எழுதினார். செரோம் வாசல் வரைக்கும் வந்து, "வெளியே செங்கல் சுவருல்ல இருக்குது" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டான். கப்பல்காரன் ஒருத்தன் கத்தியை எடுத்துச் சீலையைக் கிழித்துவிடலாம் என்றான், முனை பட்டதும் செரோம் போட்ட அலறலில் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டு வந்தான்.

கோட்டை விழுந்தது. இங்கிலீஷ் கப்தான் ஒருத்தர், பேச்சை மொழிபெயர்க்கிற துபாஷியோடு கிடங்குக்கு வந்து, சீலையின் முன் நின்று, உள்ளே இருப்பது யார் என்று கேட்டார். கைதி, என்று செரோம் பதில் சொன்னான். அவன் வேஷத்தில் இருக்கிறவன், வேறென்ன சொல்லுவான். கப்தானுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சண்டையில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களில் ஒருத்தனாக அவனையும் சேர்த்து, சீலைக்கு ஒரு சிப்பாயைக் காவல் போட்டு, இனிமேல் கைதியை மீட்கிற கூத்து எதுவும் இந்த ஊரில் நடக்கக் கூடாது, எக்காளம் ஊதவே கூடாது என்று தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனார். பிரெஞ்சுக் கூத்துக்காரர்களைக் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தாண்டவராயன் மதலேனாவின் வாசலில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மங்களம் பாடினதை நடுவிலிருந்து எடுக்க முடியாது தாயி, முதலிலிருந்து ஆடிக்கொண்டு வந்து, எக்காளம் ஊதி, கதவைத் திறந்து, அப்புறம் மங்களம் பாடினால்தான் உண்டு, என்றார். அவள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது. முதல் மாசம் வேடிக்கை பார்க்க வந்தார்கள், இரண்டாம் மாசம் சீலைக்கு வலது பக்கம் நிற்பது யார், இடது பக்கம் நிற்பது யார் என்று வலங்கைச் சாதியாரும் இடங்கைச் சாதியாரும் அடித்துக்கொண்டார்கள், மூன்றாம் மாசம் மழை வந்தது, சண்டையை விட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து சீலை நனையாமல் கீற்று வேய்ந்தார்கள். செரோம் பாடுகிற கைதிப் பாட்டு கிடங்கை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தது. வலை இழுக்கிறவர்கள் அதை இழுவைக்குப் பாடினார்கள், நெல் குத்துகிறவர்கள் உலக்கைக்குப் பாடினார்கள், கல்யாண மேளத்தில் நாயனக்காரர் ராகம் தெரியாமல் திண்டாடி அப்புறம் ஏதோ ஒரு ராகத்தின் பேரை வைத்து வாசித்துவிட்டார், காவல் சிப்பாய்கள் மாறி மாறி வந்து போய் அதைச் சென்னைப் பட்டணம் வரைக்கும் சீட்டியில் கொண்டுபோனார்கள். பிள்ளைவலி எடுத்த பெண்களைக் கிடங்கு வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்தால் சுகப்பிரசவம் என்று ஒரு பேச்சு கிளம்பி, சில காலம் அங்கே மருத்துவச்சிகளின் கூட்டம்தான். அவனுக்கு நற்கருணை கொடுப்பதா வேண்டாமா என்று கோயிலில் யோசித்து, காலையில்தானே பூசை கண்டான், அவனுக்கு இன்னும் அதே நாள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஊர் முழுக்க ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்றியது. யார் அந்தப் பக்கம் போனாலும் செரோம் கேட்பான், குண்டு நின்னுடுச்சாண்ணே. யாராயிருந்தாலும், மீன்காரியாயிருந்தாலும் துபாஷியாயிருந்தாலும், இன்னும் இல்லப்பா, சுட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, கொஞ்ச நேரம் பொறு, என்பார்கள். புதுசாக ஊருக்கு வருகிறவனிடம் நல்ல தண்ணிக் கிணறு எங்கே இருக்கிறது என்று சொல்லும்போதே, கிடங்குச் சீலை கேட்டால் குண்டு ஓயலைன்னு சொல்லு, என்றும் சொல்லி வைப்பார்கள். நின்றுவிட்டது, நின்று பல வருஷமாகிவிட்டது என்று தெரிந்தால் அவன் என்ன ஆவானோ என்று எல்லோருக்கும் பயம்.

மதலேனாவுக்குப் பெண் பிறந்தது, ஞானப்பூ என்று பேர் வைத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் கிடங்குக்குப் போவாள், அதன் வாயில் விரல் வைத்து அழாமல் பார்த்துக்கொள்வாள், ஏனென்றால் அவனுக்கு அது இன்னும் பிறக்கவில்லை. வயித்துல இருக்கிறது எப்படி இருக்கு, என்று அவன் கேட்பான். அவள் இடுப்பில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே, நல்லா இருக்குதுங்க, என்பாள். அது தவழ்ந்தது, நடந்தது, பாவாடை கட்டியது, உதைக்குதுங்க, உதைக்குதுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், கம்பியைப் பிடித்திருக்கிற அவன் விரல்கள் மட்டும் சில நாள் வெளியே தெரியும். மூட்டைமேல் ஏறி நின்று அதைத் தொடுவாள், வர்ணத்தின் சொரசொரப்பும் உடம்பின் சூடும் சேர்ந்து இருக்குமாம். அந்தச் சூட்டுக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை நம்புகிறேன்.

குரலுக்கு மட்டும் வயசை மறைக்கத் தெரியவில்லை. பத்து வருஷம் போல ஆனபோது செரோம் கேட்டான், "தொண்டை கட்டியிருக்கா உனக்கு? புகையில நிக்காதே. சுக்குத் தட்டிப் போட்டுக் குடி." அவள் வீட்டுக்குப் போய்ச் சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தாள், மறுநாளும் அவன் அதையே சொன்னான், மறுநாளும் குடித்தாள். ஞானப்பூவுக்குப் பதினைந்து வயசு இருக்கும்போது மதலேனாவுக்குக் காய்ச்சல் கண்டது. அன்றைக்கு மகள்தான் கிடங்குக்குப் போனாள், சும்மா இருக்கப் பார்த்தாள், அவன் மதலேனா மதலேனா என்று கூப்பிடுவதைத் தாங்காமல், "இங்கதாங்க இருக்கேன்" என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"அட, தொண்டை சரியாப் போச்சே" என்றான் செரோம். அவ்வளவு சந்தோஷம் அவன் குரலில். "வயித்துல இருக்கிறது?"

ஞானப்பூ தன்னைப் பற்றித் தானே சொன்னாள். "உதைக்குதுங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். மதலேனா முதலில் சிரித்தாள், அப்புறம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு பொழுது முழுக்க அழுதாள், காய்ச்சல் விட்டதும் எழுந்து, இனிமேல் நீயே பேசு, என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் தினமும் அம்மாவும் மகளும் போவார்கள், மகள் பேசுவாள், அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம், அப்பனுக்கு மகளே இன்னும் பிறக்கவில்லையாமே, யார் கையால் தாரை வார்ப்பது என்று எழுந்து போய்விட்டார்கள். ஞானப்பூ அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் ராஜாக்கள் சமாதானம் பேசி, ஊரை மறுபடி பிரெஞ்சுக்காரனுக்கே கொடுத்துவிட்டார்கள். காவல் சிப்பாய் சீலைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான். எக்காளம் ஊதலாம் என்றானது. தாண்டவராயன் நடுங்குகிற கையோடு அன்றைக்கே வந்துவிட்டார், நான் சாவதற்குள் முடிக்கணும் தாயி, என்றார். கோயில் பாடகர்கள் கொடுங்கோலனும் மந்திரியுமானார்கள், வலைக்காரர்கள் படையானார்கள், மதலேனா ஒவ்வொருத்தருக்கும் பாட்டைச் சொல்லிக் கொடுத்து ஒவ்வொருத்தருக்கும் உடுப்புத் தைத்தாள். கதாநாயகியின் சிப்பாய் உடுப்பைப் புதுசாகத் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டாள்.

ஞானப்பூ தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் பாடட்டுமாம்மா? அவருக்கு என் குரல்தானே..."

"புருஷன் என்னோடதுடி" என்றாள் மதலேனா. "நான்தான் மீட்பேன். வாயை மூடிக்கிட்டு நில்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊர் முழுக்கக் கிடங்கில் கூடியிருக்க, கூத்தை முதலிலிருந்து எடுத்தார்கள். முதல் அங்கம் போனது, கைதியின் பகுதி வரவேண்டிய இடங்களில் செரோம் உள்ளேயிருந்தே பாடினான், யாரும் தப்புச் செய்யவில்லை. மதலேனா சிப்பாய்த் தொப்பியோடு கோபுரத்தடியில் வந்து நின்றாள். அவள் பாடியதைக் கேட்டவர்கள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன்: குரல் உடைந்திருந்தது, மேலே போக வேண்டிய இடத்தில் போகவில்லை, ஆனால் அப்படி ஒரு பாட்டை இந்த ஊர் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை, மத்தளத்தில் வைத்த கையைத் தூக்க முடியாமல் தாண்டவராயன் விம்மினார். பாட்டு முடிந்தது. கதவு தட்டப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலிலிருந்து செரோமின் குரல் மரியாதையாகக் கேட்டது.

"யாருங்க அது? பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, நல்லாத்தான் பாடுறீங்க. ஆனா இது என் சம்சாரம் பாட வேண்டிய இடம். அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

மதலேனா எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அப்புறம் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மகளின் தலையில் வைத்து, அவள் நெற்றிமேல் விழுந்த மயிரை உள்ளே ஒதுக்கிவிட்டு, பாடு, என்று சொல்லி ஒதுங்கினாள்.

ஞானப்பூ பாடினாள். இரண்டாவது அடிக்கே கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது. எக்காளம் முழங்கியது, வலைக்காரர்கள் ஓ என்று வந்தார்கள், ரங்கப்பர் எழுதின கதவு எல்லாக் கதவும் திறப்பது மாதிரி திறந்தது, செரோம் குனிந்து வெளியே வந்தான். பொய்முடியில் மாவு அப்படியே இருந்தது, தோளில் காரைத்தூள், உடுப்பில் வெடிமருந்து வாசனை, இருபத்தெட்டு வயசு. தாண்டவராயன் எட்டிப் பார்த்து, அவன் இரண்டு காலும் மேடைமேல் இருப்பதை உறுதி செய்துகொண்டு மங்களம் பாடி முடித்தார்.

செரோம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஞானப்பூவிடம் ஓடி, பாதியில் நின்றுவிட்டான். குரல் மதலேனாவுடையது, சாடையும் மதலேனாவுடையது, ஆள் அவளில்லை. அவள் வயிற்றைப் பார்த்தான். அப்புறம் கூட்டத்தில் தேட ஆரம்பித்தான். தெரிந்த முகங்களெல்லாம் கிழடாகிக் கிடப்பதைப் பார்த்து மிரண்டு மிரண்டு தேடினான். அவன் கண் மதலேனாமேல் வந்தது, நின்றது, தாண்டிப் போனது. சுற்றிவிட்டு மறுபடி வந்து, மறுபடியும் தாண்டிப் போனது. அவள் அன்றைக்குத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். எப்படியும் கண்டுபிடித்துவிடுவான், பார்த்த கணமே கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் இருபது வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தாள். இவன் ஒரு சாயங்காலம்தானே உள்ளே இருந்துவிட்டு வருகிறான், மேடையோரத்தில் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்குப் பதிலாக ஒரு கிழவியைக் கையில் கொடுத்தால், நல்லவன், வேண்டாம் என்று சொல்லமாட்டான், வாழ்நாள் முழுக்கச் சொல்லமாட்டான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மதலேனா எங்கே?" என்று அவன் எல்லோரையும் பொதுவாகக் கேட்டான்.

மதலேனா முன்னால் வந்தாள்.

"செரோமு" என்றாள்.

கட்டின புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று இருந்த காலம் அது. தாலி ஏறின நாளிலிருந்து அவள் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை, ஜெபத்தில்கூட என் வீட்டுக்காரர் என்றுதான் சொல்லுவாள். பக்கத்தில் நின்ற பெண்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செரோமுக்கோ, பேர் சொல்லிக் கூப்பிட்டதும், இவள்தான் தன் பெண்டாட்டியோ என்று முகத்தில் மிச்சமிருந்த சந்தேகம்கூடப் போய்விட்டது.

"செரோமு, குண்டு நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. நீ உள்ள இருந்தது உனக்குத் தெரியல. மதலேனா இல்லப்பா. பிள்ளையைப் பெத்துக் கையில கொடுத்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டா. கஷ்டப்படல. இது உன் மக."

ஞானப்பூ, அம்மா, என்று சொல்ல வாயெடுத்தாள். மதலேனா அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

செரோம் அவளை உற்றுப் பார்த்தான். "கோபுரத்தடியில பாடினது நீங்கதானே? முந்தியும் மதலேனா பேரைச் சொல்லி, தொண்டை கட்டின மாதிரிப் பேசினது நீங்கதானா?"

"நான்தான். நீ பயப்படக் கூடாதுன்னு அவளாட்டம் பேசிப் பார்த்தேன். எனக்கு வரல."

"நீங்க யாரும்மா?"

"உடுப்புத் தைக்கிறவ."

அவன் கேட்டுக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்தான், நிஜமா என்று கேட்கிற மாதிரி. எங்கள் ஊருக்கு அவனிடம் பொய் சொல்லிப் பழக்கம், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் மேடையிலேயே உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டிக்காக வாய்விட்டு அழுதான், அந்த அழுகையை மதலேனா நின்று முழுசாகப் பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் செரோம் மதலேனாவின் ஆத்துமத்துக்காகத் துக்கப் பூசை வைத்தான். கறுப்புத் துணி போர்த்தின வெறும் பாடை ஒன்றை நடுவில் வைத்து, சுற்றி மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். செரோமே பாடினான், இரண்டு இடத்தில் பாட முடியாமல் நிறுத்தினான். பெண்கள் பக்கத்தில், தூணோரமாக, முக்காடு போட்டுக்கொண்டு மதலேனா முழங்காலில் இருந்தாள். சாமியார் அவள் பேரைச் சொல்லி, அவளுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு வேண்டினபோது, எல்லோரோடும் சேர்ந்து அவளும் ஆமென் என்றாள்.